மூன்றாவது சவுக்கு மரம் வரை: பினாங்குக் கடற்கரைகளைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். பினாங்கு மாநிலத்தின் கடற்கரைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊராட்சி அதிகாரிகளுக்கும், கடலோரத்தில் முகாம் திடல் நடத்தி வருகிறவர்களுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் பிறையில் குடியிருப்பவள். எனக்கு 52 வயது. உங்களில் எவரையும் குறைகூறுவதற்காகப் பேனாவை எடுக்கவில்லை. ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன். நாங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே, எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதைச் சொல்லிவிடுங்கள். "கூடாது" என்பது பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. வாசலில் எழுதி வைத்துவிடுங்கள்.

இதைக் கேட்கக் காரணம் என் அம்மா. அவருக்கு 78 வயது. அப்பா காலமாகி ஓராண்டு முடிந்துவிட்டது. அப்பா வளர்த்த நாய் மணி, அவருக்குப் பிறகு அம்மாவின் மடியை விட்டு இறங்குவதில்லை. ஷீ சூ வகை, ஆறரைக் கிலோ, பதினோரு வயது, இடக் கண்ணில் புரை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வீடு நிறைய உறவினர்கள் வந்ததால், இரண்டு நாள் மட்டும் மணியை ஒரு பராமரிப்பு இல்லத்தில் விட்டோம். இரண்டு நாளும் சோற்றைத் தொடவில்லை. திரும்பக் கொண்டுவந்தபோது அம்மா அதைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இனி உன்னை எங்கேயும் விடமாட்டேன்" என்றார். அன்று முதல் அம்மாவும் எங்கும் போகவில்லை. கோயிலுக்குப் போனாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். ஈப்போவில் இருக்கும் சொந்தத் தங்கையின் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

ஆனால் கடலோரத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது அவருக்கு நீண்ட நாள் ஆசை. அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். தினமும் கடலைப் பார்த்தவர். அம்மாவோ அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த கையோடு அடுப்படியில் இருந்துவிட்டவர். நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும், கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு காலைக் காப்பி குடித்ததில்லை என்று ஒருநாள் சொன்னார். அந்தச் சொல் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் விசாரித்த ஹோட்டல்களில் நாய்க்கு இடம் இல்லை. அதனால்தான் கேம்பர்வேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. வாடகைக்கு விடுகிறவர்களில் இரண்டு பேர் நாய் என்றதும் மறுத்துவிட்டார்கள். மூன்றாமவர், சிறிய நாய் என்றால் சரி, சுத்தம் செய்வதற்கு முன்பணம் வைக்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு, உடனே ஒப்புக்கொண்டோம். அம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சின்னக் கழுவுதொட்டியில் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். "வீட்டு வண்டி" என்று அதற்குப் பெயரும் வைத்தார். மூன்று நாளும் எங்கள் எல்லோருக்கும் அதுதான் பெயர்.

மணியோடு எங்கள் இன்னொரு நாயும் வந்தது. பெயர் மிளகு. கம்பத்து நாய் (கம்பம் என்றால் கிராமம்), மழைநாளில் கால்வாயிலிருந்து என் மகன் தூக்கி வந்தது. நான்கு கிலோதான் இருக்கும். இரண்டு நாய்களின் உரிம வில்லைகளும் கழுத்துப் பட்டையில் இருந்தன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டையை ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டேன். 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்த மாநிலத்தில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது தெருநாய்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்த நாட்களில் நாய் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் பயம் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாய்களுக்கு ஓர் ஆண்டுகூட ஊசி தவறியதில்லை. வாசலில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்றுதான் அந்தக் கோப்பை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் செருகி வைத்தேன். மூன்று நாளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறினோம். 2014இல் திறந்த, 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம். அம்மா அதில் போவது அதுவே முதல் முறை. பாதித் தூரம் போன பிறகு, "இன்னுமா முடியவில்லை?" என்று கேட்டுவிட்டு, மணியின் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக் காட்டினார். அதற்குப் பாதிக் கண்தான் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

முதல் இரவு தங்கப்போகும் இடத்துக்கு நான் முன்கூட்டியே இருமுறை தொலைபேசியில் பேசியிருந்தேன். சிறிய நாய்கள் என்றால் சிக்கல் இல்லை என்று இருமுறையும் சொன்னார்கள். வாசலில் இருந்தவர் நாய்களைப் பார்த்தார், சிரித்தார், உள்ளே விட்டார். கூடாரத் துணியை இழுத்துக் கட்டி, அம்மாவுக்கு நாற்காலி போட்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டோம். இரவு பத்து மணிக்கு வேறொருவர் கைவிளக்கோடு வந்தார். நாய்க்கு அனுமதி இல்லை, உடனே கிளம்புங்கள் என்றார். தொலைபேசியில் பேசியதைச் சொன்னேன். அது தனக்குத் தெரியாது, பக்கத்துக் கூடாரத்திலிருந்து புகார் வந்திருக்கிறது என்றார்.

அந்தப் புகாரை நான் குறைத்துப் பேச மாட்டேன். பக்கத்துக் கூடாரத்தில் நாயைக் கண்டால் நடுங்குகிற ஒரு சின்னப் பெண் இருந்தாள். என் நாய் குரைக்கவில்லை, கயிற்றில்தான் இருந்தது என்பதெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் ஆகாது. அவள் பெற்றோர், நாய் இருக்கும் என்று தெரிந்திருந்தால் அங்கே வந்திருக்க மாட்டார்கள். நாய் கூடாது என்று தெரிந்திருந்தால் நாங்களும் போயிருக்க மாட்டோம். இரண்டு குடும்பமும் ஒரே இரவில் கெட்டுப்போனதற்குக் காரணம் வாசலில் இல்லாத ஒரு வரி எழுத்து.

அந்த இடத்தின் பெயரை நான் எழுதவில்லை. கைவிளக்கோடு வந்தவர் மீது எனக்குக் கோபம் இல்லை. கையில் எழுத்து இல்லாமல் அவரை இருட்டில் அனுப்பி வைத்தார்கள். அவரும் பாவம், அம்மாவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்றிரவு ஒரு பெட்ரோல் நிலையத்தின் விளக்கடியில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். லாரிகள் வந்து போகும்போதெல்லாம் வண்டி ஆடியது. அம்மா படுக்கவே இல்லை. விடியும்வரை மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தீவின் வேறொரு பக்கம் போனோம். அங்கே வாசலில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "நாயை வண்டியிலேயே விட்டுவிட்டு நீங்கள் கடலுக்குப் போங்கள்" என்றார்.

அதிகாரிகளே, இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் நாட்டுக் கடற்கரை வாசல்களில் நாய் வைத்திருப்போர் கேட்கிற வழக்கமான பதில் இதுதான். நல்ல மனத்தோடு சொல்லப்படுகிற பதில். ஆனால் உயிரைக் கொல்லக்கூடிய பதிலும் இதுவே.

வெளியே 24 பாகை வெப்பம் இருக்கும்போதே, மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 பாகையும் அரை மணி நேரத்தில் 43 பாகையும் ஏறிவிடும். நம் ஊரில் 24 பாகை என்பது விடியற்காலைக் குளிர். பகல் பதினொரு மணிக்கு என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மணியைப் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சும் சரியாக ஓடாது. நாயின் உடல் வெப்பம் இயல்பாகவே 38, 39 பாகை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

கேம்பர்வேன் பெரிய வண்டிதானே, காற்று இருக்குமே என்பீர்கள். இயந்திரத்தை நிறுத்தினால் எங்கள் வண்டியில் குளிர்சாதனம் நின்றுவிடும். இயந்திரத்தை ஓடவிட்டால் புகை வருகிறது என்று பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டுவார், தட்டினார். அணைத்தோம். சன்னல்களைத் திறந்தோம், கூரை விசிறியைப் போட்டோம். என் மகனும் மருமகளும் பேரப்பிள்ளையோடு தண்ணீரில் இறங்கினார்கள். அம்மா போகவில்லை. மணியோடு வண்டியிலேயே இருந்துவிட்டார். நானும் அவரோடு இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மணியின் நாக்கு தடித்து நீண்டது. விளிம்பில் இளஞ்சிவப்பாக இருந்தது கருஞ்சிவப்பாக மாறியது. மூச்சுச் சத்தம் அறுப்பு வாள் போல வந்தது. அம்மா தன் சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அதன் வயிற்றிலும் உள்ளங்கால்களிலும் ஒற்றிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்கண்ணாடி வழியாகக் கடல் தெரிந்தது. ஒரே ஒருமுறை நிமிர்ந்து அதைப் பார்த்தார். நாற்பது ஆண்டு ஆசைப்பட்ட கடலை அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, ஈரச் சேலைத் தலைப்போடு பார்த்தார். நான் மகனைக் கூப்பிட்டு, கிளம்பலாம் என்றேன்.

2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. விலங்குக்குத் தேவையில்லாத துன்பம் கொடுப்பவருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் வளர்ப்பவரிடம் ஒன்றைச் சொல்ல, கடற்கரை வாசல் அவரிடம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. தயவுசெய்து உங்கள் காவலர்களுக்கு இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்: நாய் கூடாது என்றால் "இங்கே கூடாது, திரும்பிப் போங்கள்" என்று சொல்லட்டும். "வண்டியில் விட்டுவிட்டு வாருங்கள்" என்று மட்டும் ஒருபோதும் சொல்ல வேண்டாம்.

இனி மூன்றாம் நாள். அன்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தோம். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மிளகு வாந்தி எடுத்தது. டுரியான் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தித் துடைத்தோம். தெலுக் கும்பார் தாண்டிப் பாலத்துக்குப் போக வேண்டிய நேரத்தில் என் மகன் வண்டியைக் கெர்தாக் சங்குல் பக்கம் திருப்பினான். பாட்டிக்கு ஒரு கால் மணி நேரமாவது கடல் காற்று கிடைக்கட்டும் என்றான். மாலை ஐந்தரை மணி. மீனவக் கம்பம். படகுகள் கரையேறிக் கிடந்தன.

சவுக்கு மரங்களுக்குக் கீழே ஒரு மலாய்க்காரப் பெண்மணி பலகாரக் கடை போட்டிருந்தார். அறுபது வயதிருக்கும். வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பு நான் மட்டும் அவரிடம் போனேன். "மக்சிக், எங்களிடம் இரண்டு சின்ன நாய்கள் இருக்கின்றன. இங்கே இறக்கலாமா? வேண்டாம் என்றால் போய்விடுகிறோம்" என்று மலாயில் கேட்டேன். மக்சிக் என்றால் மலாயில் அத்தை, பெரியம்மா போல. அவர் வண்டியைப் பார்த்தார். சன்னலில் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். கடையிலிருந்து எழுந்து வந்து மரங்களைக் கைநீட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது மரத்துக்கு அப்பால் நாய்கள் இருக்கட்டும், இப்பால் வேண்டாம், இந்த வழியாகத்தான் பிள்ளைகள் சூராவுக்கு, அதாவது தொழுகைக் கூடத்துக்கு, போவார்கள், காற்றும் அந்தப் பக்கமாகத்தான் வீசுகிறது, என் பலகாரத்தில் ரோமம் விழாது என்றார். நாய்கள் நனைந்தால் துவட்டிவிட்டுத்தான் கூட்டிவர வேண்டும் என்றும் சொன்னார். அவ்வளவுதான்.

மூன்றாவது சவுக்கு மரத்துக்கு அப்பால் அம்மாவுக்கு நாற்காலி போட்டோம். மணியை இறக்கியதும் அது மணலை மோந்தது. பிறகு நாலு அடி நடந்து, தன் பாதிக் கண்ணோடு கடலுக்கு நேராகத் திரும்பி நின்றது. அலை வந்து பாதத்தைத் தொட்டதும் பின்வாங்கியது. மறுபடி போய் நின்றது. அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. அந்தப் பெண்மணி கடையிலிருந்தே அம்மாவைப் பார்த்து, "நாய் பெயர் என்ன, அம்மா?" என்று கேட்டார். எங்களிடம் காப்பியும் வறுத்த வாழைப்பழமும் விற்றார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார். காலைக் காப்பி இல்லை, மாலைக் காப்பி. அம்மாவுக்கு அது போதும்.

அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நாய் பற்றிப் பேசும்போது நம் முஸ்லிம் சகோதரர்களின் மனத்தை ஏதோ வெறுப்பு என்று நம்மவர்கள் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறுப்பே இல்லை. தூய்மை பற்றிய ஒழுங்கு. நாயின் ஈரமோ எச்சிலோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு விளக்கியபடி, நாயும் கையும் உலர்ந்திருக்கும்போது பட்டுவிட்டால் அது வேறு, ஈரம்தான் சிக்கல். பூங்காவில் நடக்கிற நாய் பெரும்பாலும் உலர்ந்த நாய். கடலில் இறங்கிய நாய் உடம்பை உதறினால் நாலு பக்கமும் தண்ணீர் தெறிக்கும். ஆகவே கடற்கரையில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடக் கூர்மையானது என்பதை நாய் வளர்ப்போர் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மக்சிக் "துவட்டிவிட்டு" என்று சொன்னதில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. ஒரு பலகாரக்காரப் பெண்மணி அரை நிமிடத்தில் வகுத்த விதியில் இடம், எல்லை, காரணம், நிபந்தனை எல்லாம் இருந்தன. அதை ஏன் ஓர் ஊராட்சி மன்றம் ஒரு பலகையில் எழுத முடியாது?

பலகை வைக்க உங்களுக்குத் தெரியாதென்று சொல்லவில்லை. தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையில் ஜெல்லி மீன் ஆபத்து, குளிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. படிக்கிறோம், இறங்காமல் இருக்கிறோம். யாரும் சண்டை போடுவதில்லை. நாய் விஷயத்துக்கும் அப்படி ஒரு பலகை போதும். நாய் படமும் கயிறு படமும் நேரமும் இருந்தால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

எல்லாக் கடற்கரையையும் எங்களுக்குத் திறந்துவிடச் சொல்லவில்லை. சில இடங்களில் நாயைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், அதற்கு முதல் கை தூக்குகிறவள் நான். அதே கெராச்சுட்டில் பச்சை ஆமையும் பங்குனி ஆமையும் முட்டையிட வருகின்றன. 2003இல் அந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்ததில் அவற்றைக் காப்பதும் அடங்கும். எவ்வளவு செல்ல நாயாக இருந்தாலும் முட்டை வாசனைக்கு மணலைத் தோண்டத்தான் செய்யும். ஆமை ஏறும் கரைகளில் எந்த நேரத்திலும் நாய் வேண்டாம். பிள்ளைகள் குளிக்கும் பகுதி, சூராவுக்குப் போகும் வழி, சாப்பாட்டுக் கடை வரிசை, இங்கெல்லாம் வேண்டாம். மீதிக் கரையில் ஒரு மூலையை, ஒரு நூறு மீட்டரை, காலை எட்டு மணி வரையும் மாலை ஐந்தரைக்குப் பிறகும் கொடுங்கள். நடுப்பகல் மணலில் நாயை நடக்கவைப்பதே பாவம். நம் புறங்கையை ஐந்து நொடி மணலில் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

கயிறு கட்டாயம் என்று எழுதுங்கள். இது மற்றவர்களுக்காக மட்டும் இல்லை. கெர்தாக் சங்குலில் மிளகு ஓரிடத்தில் நின்று எதையோ மோந்தது. போய்ப் பார்த்தேன். உப்பி, முள்ளெல்லாம் விறைத்து, வெயிலில் காய்ந்து கிடந்தது ஒரு பேத்தை மீன். மலாயில் ஈக்கான் புந்தால் என்பார்களே, அது. அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சு மனிதரையே கொல்லும். நான்கு கிலோ நாய்க்கு ஒரு கடி போதும். கையில் கயிறு இருந்ததால் ஒரே இழுப்பில் காப்பாற்றினேன். இல்லாவிட்டால் அந்த மாலை எங்களுக்கு எப்படி முடிந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

வளர்ப்போர் மீதும் குற்றம் இருக்கிறது. இரண்டாம் நாள் காலையில் நடைபாதை ஓரத்தில், நல்ல உடை உடுத்திய ஒருவர் தன் நாய் கழித்ததை அப்படியே விட்டுவிட்டுக் காரில் ஏறினார். கூப்பிட்டேன். கேட்காததுபோலப் போனார். நானே பையில் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவரைப் போன்றவர்களால்தான் எங்கள் எல்லோரையும் நீங்கள் ஒரே கண்ணால் பார்க்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு அபராதம் விதியுங்கள், தயங்காமல் விதியுங்கள். உரிம வில்லையும் தடுப்பூசி அட்டையும் இல்லாத நாயை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். என் கோப்பை யாராவது ஒருவர் திறந்து பார்த்திருந்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

கேம்பர்வேன் பற்றியும் ஒரு வார்த்தை. நாயைவிட இது பெரிய சிக்கலாக வளரப்போகிறது. பள்ளி விடுமுறையில் இந்த வண்டிகள் கடலோரத்தில் வரிசைகட்டி நிற்பதை நீங்களே பார்க்கிறீர்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், கழிவறைப் பெட்டி, இவற்றை எங்கே கொட்டுவது? மூன்று நாளில் நாங்கள் போன எந்த இடத்திலும் அதற்கென்று ஒரு குழி இல்லை. எங்கள் கழிவுப் பெட்டியை மூடி இறுக்கி, மூன்று நாளும் சுமந்து, வீட்டுக் கழிவறையில் கொட்டினோம். எல்லோரும் அப்படிச் செய்வார்களா? முதல் நாள் மாலையில் ஒரு வண்டிக்கு அடியிலிருந்து சோப்பு நுரை கால்வாயில் இறங்கி, கால்வாய் கடலில் இறங்குவதைப் பார்த்தேன். அந்தக் கடலில்தான் என் பேரன் மறுநாள் குளித்தான். கெர்தாக் சங்குல் மீனவர் வலை போடுவதும் இதே தண்ணீரில்தான். நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று, கழிவு கொட்டக் குழி ஒன்று, வண்டிக்கு இத்தனை ரிங்கிட் என்று கட்டணம். வாங்கிக்கொள்ளுங்கள்; ரசீது கொடுங்கள். கட்டணம் கட்டிய இடத்தில் எங்களுக்கும் தலைநிமிர்ந்து நிற்கத் தோன்றும்.

முகாம் திடல் நடத்துகிற அன்பர்களே, உங்களிடம் தனியாக ஒன்று. "நாய் பரவாயில்லை" என்று தொலைபேசியில் சொல்கிறவரும் இரவு பத்து மணிக்கு வருகிறவரும் ஒரே பேச்சைப் பேச வேண்டும். எத்தனை நாய், எத்தனை கிலோ வரை, எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும், எவ்வளவு கட்டணம் என்று எழுதி ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். நாய் உள்ள குடும்பங்களை ஒரு வரிசையிலும் நாய் வேண்டாதவர்களை மறு வரிசையிலும் வைத்தால் அந்தச் சின்னப் பெண்ணும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நாயே வேண்டாம் என்பது உங்கள் முடிவு என்றால் அதையும் மதிக்கிறேன். முதல் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

என் தாத்தா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குப் போகும்போது நாயும் கூடப் போகும். பாம்பு கிடந்தால் அதுதான் முதலில் குரைக்கும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் நாய்க்கும் ஒரு தட்டுச் சோறு உண்டு. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு நாய் என்பது வசதி வந்த பிறகு வாங்கிய பொம்மை இல்லை. அப்பா விட்டுச் சென்றவற்றில் மூச்சு விடுவது மணி ஒன்றுதான். அம்மா அதை விட்டுவிட்டு வரமாட்டார்; அவரை வற்புறுத்தவும் எனக்கு மனம் இல்லை.

மணிக்கு இதயம் கொஞ்சம் பெருத்திருப்பதாகக் கால்நடை மருத்துவர் சென்ற வாரம் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார். அடுத்த பள்ளி விடுமுறைக்கு அதே வீட்டு வண்டியைப் பதிவு செய்ய என் மகன் முன்பணம் கட்டிவிட்டான். இரண்டு இரவு. இந்த முறை எந்தக் கடற்கரையில் நிறுத்தலாம் என்று அம்மா தினமும் கேட்கிறார். கெர்தாக் சங்குல் மக்சிக் இடம் கொடுப்பார். ஆனால் அங்கே இரவில் தங்க வசதி இல்லை. உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து,
மணிக்கும் மிளகுக்கும் சோறு வைப்பவள்